நான்கே கால் லட்ச ரூபாய்க் கணினியா, திறந்து பார்க்கக்கூடிய பெட்டியா?

வாசகர் கேள்வி:

ஐயா, வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். திருமணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா ஆகியவற்றுக்கு வீடியோவும் ஆல்பமும் செய்து கொடுக்கிறோம். எங்களிடம் இருப்பது இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ7 சிஸ்டம். மூன்று கேமராவின் 4கே ஃபுட்டேஜைச் சேர்த்துப் போட்டால் காட்சிகளை அடுக்கும் டைம்லைன் நின்று நின்று ஓடுகிறது. ஆப்பிளின் எம்3 அல்ட்ரா சிப் உள்ள மேக் ஸ்டுடியோ கணினியைக் கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அதன் ஆரம்ப விலை 4,29,900 ரூபாய். "ஒரு சாண் அகலம்கூட இல்லாத டப்பாவுக்கு இத்தனை பணமா? திறந்து ஒரு ராம் போட வழியில்லையே" என்கிறார் மைத்துனர். அவர் புதுச்சேரிக் கடை ஒன்றில் 2,45,000 ரூபாய்க்கு அசெம்பிள்டு சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறார். அதையும் எங்கள் கேமரா செட்டிங்கின் படத்தையும் இணைத்துள்ளேன். சுருக்கத் தொகுப்பான ஹைலைட்ஸை நான் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறேன். முழுநீள வீடியோவைப் பார்க்கும் எடிட்டர்கள் இருவரும் எடியஸில் வேலை செய்கிறார்கள். எங்களில் யார் சொல்வது சரி?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. எடியஸ் விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள். மேக்கிற்கு அது கிடையாது. முன்பு இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் பூட் கேம்ப் வழியாக விண்டோஸை நிறுவிக்கொள்ள முடிந்தது. ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறிய பிறகு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. ஆகவே மேக் ஸ்டுடியோ வந்தால் உங்கள் எடிட்டர்கள் இருவரும் பழைய சிஸ்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கடையின் பெரும்பகுதி வேலை இப்போது எங்கே திணறுகிறதோ அங்கேயேதான் திணறும். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் மைத்துனரின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் அவர் வாங்கி வைத்திருக்கும் கொட்டேஷனை அப்படியே ஏற்க வேண்டாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விலை, வடிவமைப்பு இரண்டைப் பற்றியும் நீங்கள் எழுப்பியிருக்கும் விவாதம் அடுத்த முறை கணினி வாங்கும்போதும் உங்கள் வீட்டில் எழும் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம்.

2025 மார்ச்சில் வெளியான மேக் ஸ்டுடியோவின் எம்3 அல்ட்ரா மாதிரிக்கு அமெரிக்காவில் 3,999 டாலர் விலை வைத்தார்கள். அது விற்பனை வரி சேராத விலை. வெளியான காலத்தில் டாலர் ஏறக்குறைய 87 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் பெருக்கி, நம் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. எனவே இந்தியாவில் மட்டும் கொள்ளை விலை என்று பலர் சொல்வது இந்தக் கணினிக்குப் பொருந்தாது. விலைக்கு உரிய பொருளும் உள்ளே இருக்கிறது. இரண்டு மேக்ஸ் சிப்புகளை ஒன்றாக இணைத்ததுதான் அல்ட்ரா. அதனுடன் 96 ஜிபி நினைவகம் வருகிறது. அந்த நினைவகத்தின் பெரும்பகுதியைக் கிராபிக்ஸ் பகுதியும் தன்னுடையதாகப் பயன்படுத்த முடியும் என்பதால், பெரிய முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவர்களுக்கும், 8கே படங்களுக்கு நிறம் சேர்ப்பவர்களுக்கும், செயற்கை நுண்ணறிவு மாடல்களைத் தம் மேஜையிலேயே ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் அது கொடுத்த காசுக்கு வேலை செய்யும். மூன்று கேமரா 4கே திருமண வீடியோ அந்த ஆற்றலில் பாதியைக்கூடத் தொடாது. உங்களுக்கு மேக்தான் வேண்டுமென்றாலும், அதே பெட்டியில் 2,14,900 ரூபாய்க்குத் தொடங்கும் எம்4 மேக்ஸ் மாதிரியே போதும். ஒற்றைக் கோர் வேகத்தில் அது எம்3 அல்ட்ராவை முந்தவும் செய்கிறது.

அடுத்து, திறக்க முடியாத பெட்டி என்ற உங்கள் மைத்துனரின் குறை. இதை வெறும் பழமைவாதம் என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது. ஆப்பிள் நிறுவனமே இந்தக் கேள்விக்கு மாறி மாறி விடை சொல்லி வந்திருக்கிறது. 2013 டிசம்பரில் 2,999 டாலருக்கு அது விற்கத் தொடங்கிய மேக் ப்ரோ, 25 சென்டிமீட்டர் உயரமே உள்ள கறுப்பு உருளை. நடுவில் முக்கோண வடிவ உலோகத் தூண், அதன் மூன்று முகங்களிலும் சர்க்யூட் போர்டுகள், உச்சியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே விசிறி. பார்க்க அத்தனை அழகாகவும் ஓட அத்தனை அமைதியாகவும் இருந்த அந்தக் கணினி, நடுத்தர அளவு கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டுக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டிருந்தது. தொழில்துறையோ மிகுந்த வெப்பம் தரும் ஒரே பெரிய கார்டின் பக்கம் போய்விட்டது. முக்கோணத்தின் ஒரு முகத்தால் அந்த வெப்பத்தைத் தாங்க முடியவில்லை. வேறு கார்டு செருகவும் இடமில்லை. 2017 ஏப்ரலில் ஆப்பிளின் உயர் அதிகாரிகளே செய்தியாளர்களை அழைத்து, அந்த வடிவமைப்பால் வெப்ப விஷயத்தில் முடங்கிப்போனதை ஒப்புக்கொண்டு, புதிய கணினி செய்வதாகச் சொன்னார்கள்.

அப்படி வந்ததுதான் 2019 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மேக் ப்ரோ. ஆரம்ப விலையான 5,999 டாலரைக் கேட்டே பலர் மலைத்துப் போனார்கள். அதே நேரத்தில் அறிவித்த திரையைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு மட்டும் 999 டாலர் என்றதும், கணினிக்குச் சக்கரம் வேண்டுமென்றால் மேலும் 400 டாலர் என்றதும் கோபத்தைக் கிளப்பின. அந்த இரண்டு விலைகளையும் நான் இன்றுவரை நியாயம் என்று ஏற்கவில்லை. ஆனால் பெட்டியின் அமைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மேலே உள்ள கைப்பிடியைத் திருப்பித் தூக்கினால் வெளிக்கூடு முழுவதும் கழன்று வந்துவிடும். நாலா பக்கமும் கை வைக்கலாம். நினைவகத்துக்குப் பன்னிரண்டு இடங்களும் கார்டுகளுக்கு எட்டு இடங்களும் இருந்தன. ஒரு தொழிற்கருவியை இத்தனை எளிதாகத் திறக்கும்படி செய்வதற்குச் செலவாகும். அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. 2023இல் அதே கூட்டுக்குள் எம்2 அல்ட்ரா சிப்பை வைத்து 6,999 டாலர் என்றார்கள். அதே சிப் கொண்ட மேக் ஸ்டுடியோ 3,999 டாலருக்குக் கிடைத்தது. கூடுதலான 3,000 டாலருக்குக் கார்டு செருகும் இடங்கள் கிடைத்தன. ஆனால் அந்த இடங்களில் கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யாது, நினைவகத்தையும் பின்னர் கூட்ட முடியாது. திறக்க முடிகிறது, உள்ளே மாற்றத்தான் அதிகமில்லை என்றால் அந்தத் திறப்புக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலானோருக்கு வீண்தான்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கும் கணினியில் வடிவமைப்பு என்பது அது நின்றுபோகும் நாளில் யார், எங்கே, எத்தனை மணி நேரத்தில் அதைத் திறந்து சரிசெய்ய முடியும் என்பதையும் சேர்த்ததுதான். தை மாத முகூர்த்தங்களுக்கு நடுவே உங்கள் அசெம்பிள்டு சிஸ்டத்தில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனால், கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கடையில் வாங்கி அன்று மாலைக்குள் மாட்டிவிடலாம். மேக் ஸ்டுடியோவில் போர்டு போனால் சிப், நினைவகம் எல்லாம் சேர்ந்த போர்டைத்தான் மாற்ற வேண்டும். உதிரி வரும்வரை அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் கடற்கரையின் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். புதுச்சேரியில் கடலை ஒட்டிய அலுவலகங்களின் கணினிகளைத் திறக்கும்போது நான் வழக்கமாகக் காண்பது இதுதான்: கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கத் தகட்டில் எச்டிஎம்ஐ துளையைச் சுற்றித் துரு ஏறியிருக்கும், அலுமினிய ஹீட்சிங்கின் மடிப்புகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அதன் மேல் தூசி ஈரத்தோடு சேர்ந்து மெத்தைபோல அப்பியிருக்கும். ராமின் தொடுமுனைகளில் மங்கல் படிந்து சிஸ்டம் ஆன் ஆகாமல் நிற்பது இங்கே அன்றாட நிகழ்ச்சி. கழற்றி, அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடுகிறது. மேக் ஸ்டுடியோவில் நினைவகம் சிப்போடு சேர்ந்தே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. அதை அதற்குச் சாதகமாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது காற்றை அடிப்பகுதியைச் சுற்றியுள்ள துளைகள் வழியாக இழுக்கிறது. மேஜைமேல் படியும் தூசியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் அந்த அடிப்பகுதியைத் திறந்து சுத்தம் செய்வது உங்கள் கடைப் பையனால் ஆகிற வேலை அல்ல.

இப்போது உங்கள் உண்மையான தொல்லைக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய செட்டிங் படத்தின்படி ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க வடிவில், 10-பிட் 4:2:2இல் பதிவு செய்கிறீர்கள். சாதாரண 4:2:0 பதிவைவிட இதில் நிறத் தகவல் இரு மடங்கு இருக்கும். முகூர்த்தப் பட்டின் அரக்குச் சிவப்பையும் மண்டப விளக்கின் மஞ்சளையும் பின்னால் சரிசெய்ய அது உதவுகிறது. ஆனால் இந்த வடிவத்தை விரித்துக் காட்டும் தனி மின்சுற்று உங்கள் எட்டாம் தலைமுறை ஐ7இல் இல்லை. அதனால் முழுச் சுமையும் பிராசஸரின் கோர்கள் மேல் விழுந்து டைம்லைன் திணறுகிறது. மேசைக் கணினிகளில் இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸிலேயே, குவிக் சிங்க் என்ற பெயரில், அந்தச் சுற்று இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியாவோ 2025 ஜனவரியில் அறிவித்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தது. 2022இல் 1,599 டாலருக்கு வெளியான ஆர்டிஎக்ஸ் 4090இல்கூட அது கிடையாது. அந்த விலை கொடுத்து வாங்கிய கார்டு உங்கள் ஃபுட்டேஜின் முன் கைகட்டி நிற்கும்போது, அதைவிடப் பன்மடங்கு மலிவான ஒரு பிராசஸரின் ஓரத்தில் இருக்கும் சிறு சுற்று வேலையை முடித்துவிடுகிறது என்றால், விலையை மட்டும் வைத்து வாதாடுவது உங்கள் இருவரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

இந்தக் கண்ணோடு உங்கள் கொட்டேஷனைப் பார்க்கிறேன். முதல் வரியில் கோர் அல்ட்ரா 7 265கேஎஃப் என்று இருக்கிறது. கடைசியில் உள்ள எஃப் என்ற எழுத்தைக் கவனியுங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர் என்பது அதன் பொருள். அது இல்லையென்றால் குவிக் சிங்க்கும் இல்லை. எடியஸ் நெடுங்காலமாகத் துணைகொள்வது அந்தக் குவிக் சிங்க்கைத்தான். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு போடுகிறோமே, சிறிது விலை குறையட்டும் என்று கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். இருந்தாலும் எஃப் இல்லாத 265கே என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 என்பது சரியான தேர்வு. நீங்கள் ரிசால்வில் செய்யும் வேலைக்கு அதன் 12 ஜிபி போதும். ராம் 16 ஜிபி நான்கு என்று இருக்கிறது. டிடிஆர்5 வகை ராமில் நான்கு இடங்களையும் நிரப்பினால் வேகம் குறையும், பின்னால் கூட்டவும் இடம் இருக்காது. அதனால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது; 128 ஜிபி என்று ஆசைப்பட்டு இப்போதே பணத்தை அதில் முடக்க வேண்டாம், திறந்த பெட்டியில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்எம்பிஎஸ் என்ற வரியில் 850 வாட் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நிறுவனப் பெயரும் இல்லை, உத்தரவாத ஆண்டும் இல்லை. இந்த ஓரிடத்தில்தான் கடைகள் கைவைக்கின்றன என்பதால், இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேபினெட் முகப்பு கண்ணாடி, உள்ளே வண்ண விளக்குகள் என்று இருக்கிறது. வடிவமைப்பைப் பற்றி இத்தனை பேசும் உங்கள் மைத்துனர் இதை எப்படி விட்டார் என்று எனக்கு ஆச்சரியம். முகப்பைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால் முன்விசிறிகளுக்குக் காற்று ஓரச் சந்துகள் வழியாகத்தான் வர வேண்டும்; கடலூரின் கத்திரி வெயிலில் அது போதாது. வலை முகப்பும், கையால் கழற்றிக் குழாயடியில் கழுவக்கூடிய தூசிவடியும் உள்ள எளிய கேபினெட்டைக் கேளுங்கள். விலையும் குறையும்.

ஒரு விஷயம் கொட்டேஷனில் இல்லவே இல்லை: யுபிஎஸ். ஸ்டுடியோக்களில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. இந்தச் சிஸ்டம் ரெண்டர் ஓடும்போது திரையோடு சேர்த்து 400 வாட்டைத் தாண்டிவிடும். மின்சாரம் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் கைவிட்டுவிடும். 1500 விஏ அளவிலாவது ஒன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். கணினியைத் தரையில் வைக்காதீர்கள். தானே புயலையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்ததைத் தொடர்ந்து தென்பெண்ணை ஊருக்குள் புகுந்ததையும் பார்த்த உங்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஃபுட்டேஜின் இரண்டாவது நகல் கடைக்குள் இல்லாமல் வேறொரு வீட்டின் மாடியில் இருக்க வேண்டும்; இரண்டு நகல் எடுத்து முடிக்கும்வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது. தாலி கட்டும் காட்சியை எந்த விலைக் கணினியாலும் மறுபடி உண்டாக்க முடியாது. மேக் ஸ்டுடியோவைத் தவிர்ப்பதால் மிஞ்சும் பணத்தில் முதல் பங்கு இந்தச் சேமிப்புக்கும் யுபிஎஸ்ஸுக்கும் போகட்டும்.

வரி பற்றிச் சுருக்கமாக. 2,45,000 ரூபாயில் ஏறக்குறைய 37,000 ரூபாய் ஜிஎஸ்டி. உங்கள் ஸ்டுடியோ வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால் அதை வரவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பதிவு தமிழ்நாட்டில், கடை புதுச்சேரியில். அவர்கள் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் குறிப்பிட்டு மாநிலங்களுக்கு இடையிலான வரியான ஐஜிஎஸ்டி போட்டுப் பில் தந்து, பொருளைக் கடலூர் முகவரிக்கு அனுப்ப வேண்டும். கவுண்டரில் வாங்கிப் புதுச்சேரிக்கு உரிய வரியாகப் போட்டுவிட்டால் அந்த வரவு உங்களுக்குக் கிடைக்காது. பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. கடன் வாங்கிப் பெரிய கணினி எடுக்க வரிச் சலுகை ஒரு காரணம் என்று யாராவது சொன்னால், கையிலிருந்து போகும் தவணைப் பணம் அந்தச் சலுகையைவிடப் பெரியது என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் ரிசால்வில் ஹைலைட்ஸ் செய்வதால் மேக் மீது உங்களுக்கு உள்ள விருப்பம் எனக்குப் புரிகிறது. ரிசால்வ் ஸ்டுடியோ உரிமம் ஒருமுறை வாங்கினால் விண்டோஸிலும் மேக்கிலும் செல்லும் என்பதால், இப்போது விண்டோஸில் வாங்குவது வீண்போகாது. எடிட்டர்களும் காலப்போக்கில் எடியஸை விட்டு ரிசால்வுக்கு மாறினால் அப்போது எம்4 மேக்ஸ் போன்ற நடுத்தர மேக் ஒன்றை வாங்கலாம். ஆனால் நினைவகத்தை வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும், 64 ஜிபிக்குக் குறையக் கூடாது. வட்டில் இடம் குறைவு என்பதை வெளி எஸ்எஸ்டி கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

வாங்கும் காலத்தை முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள். புதிய சிஸ்டத்தின் ஆரம்பக் கோளாறுகள் தெரிவதற்கு அந்த ஒரு மாத ஓய்வு தேவைப்படும். அதுவரை, இரவில் கடை மூடும்போது ஃபுட்டேஜை எடியஸின் சொந்த ஹெச்க்யூஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றும்படி விட்டுச் செல்லுங்கள். வட்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் காலையில் இதே பழைய கணினியிலேயே டைம்லைன் வெகுவாகச் சீராக ஓடும். புதிய சிஸ்டத்தை எடுக்கப் போகும்போது சமீபத்திய திருமணம் ஒன்றின் மூன்று கேமராக் கோப்புகளை எஸ்எஸ்டியில் கையோடு கொண்டுபோங்கள். எடியஸின் சோதனைப் பதிப்பை அங்கேயே நிறுவி, மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக டைம்லைனில் போட்டு, எல்லாக் கேமராக்களையும் ஒன்றாகக் காட்டும் மல்டிகேமில் கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் எடிட்டர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துப் போங்கள். அது தடையின்றி ஓடினால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.